மரக்கட்டையும் அதைச் சுற்றிப்போன சொற்களும்

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய அறுபதுகளின் கடைசியில், சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டார் ஒன்றை உறுதியாக நம்பினார்கள்: தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு எந்த ஆபத்தும் வராது. என் அண்ணன் பாடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். மாலையில் அவன் வீடு திரும்பினால் அம்மா முதலில் அவன் கைகளைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். என் கைகளை அவள் அப்படிப் பார்த்ததில்லை. "உனுக்கு இன்னாம்மா, ஃபேனுக்கு அடில குந்திகினு எவனோ சொல்றத தட்டிட்டு வர்ற" என்பான் அண்ணன். அதில் பொறாமை இல்லை, நிம்மதிதான் இருந்தது. சொல் யாருடையதோ, அதைத் தாளில் இறக்கும் விரல் மட்டுமே என்னுடையது, ஆகவே பொறுப்பும் யாருடையதோ. வீடு அப்படி நம்பியது. நானும் நம்பினேன்.

மொழிபெயர்ப்புப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அவாய்ட், இவேட், டாட்ஜ், பைபாஸ், சர்க்கம்வென்ட்னு இங்கிலீஷ்ல இத்தனை இருக்கே மேடம், எல்லாத்துக்கும் 'தவிர்'னே போட்டுட்டா என்ன?" அன்று எனக்குக் களைப்பாக இருந்தது. அகராதியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அகராதியில் இல்லாத பகுதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. தகரத்தை அழுத்தி மூடிகளும் சிறு உதிரிப் பாகங்களும் செய்வோம். பூந்தமல்லியிலிருந்து வரும் பேருந்தில் ஆவடிக்குப் போய், அங்கிருந்து ரயிலில் அம்பத்தூர் போவேன். மேலாளரின் அறைக்கு வெளியே இரண்டு மேசைகள். ஒன்று எனக்கு. மற்றொன்று தொலைபேசி இணைப்புப் பலகையைக் கவனித்துவந்த, பெரம்பூரிலிருந்து வரும் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணிக்கு. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆங்கிலம் அவருக்கு வீட்டுப் பேச்சு. எனக்கோ புத்தகத்தில் பார்த்துப் பழகிய விருந்தாளி. ஒருநாள் நான் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அது இன்னா மேன், அவ்ளோ நேரம் பாக்குறே? பெரிய தொரைக்கு வயித்த வலிச்சா 'இண்டிஸ்போஸ்ட்'. உனுக்கு வலிச்சா 'ஆப்சென்ட்'. அவ்ளோதான் இங்கிலீஷு."

சிரித்தேன். பிறகு கவனிக்கத் தொடங்கினேன். மேலாளர் வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்காமல் நழுவினால் அது 'அவாய்ட்'. கிளார்க் ஒருவர் வேலை ஒன்றிலிருந்து நழுவினால் 'டாட்ஜ்'. தொழிலாளி மிகுநேர வேலைக்கு நிற்காமல் போனால் 'ஷர்க்'. வரியைப் பற்றிப் பேச வரும் தணிக்கையாளர், நம் கம்பெனி செய்வதை 'அவாய்டன்ஸ்' என்றும் எதிர்க் கம்பெனி செய்வதை 'இவேஷன்' என்றும் சொல்வார். விதி ஒன்றை மேலாளரே ஓரமாக எடுத்துவைத்தால் அது 'பைபாஸ்'. கேட்பதற்கே ஏதோ பொறியியல் போல இருக்கும். செயல் ஒன்றுதான். செய்தவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துச் சொல் மாறியது. சில ஆண்டுகளில், சொல்லைக் கேட்டவுடனே நாற்காலியைச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. அதைப் பெரிய அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தேவைப்படும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

எங்கள் அழுத்து இயந்திரங்களில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது; அதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மாதக் கடைசியில் சரக்கு போயாக வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது, இடப்பக்கப் பொத்தானை உள்ளே அழுத்தி, ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். பிறகு வலக்கை மட்டும் அழுத்தினால் போதும். இடக்கை தகரத்தை வைத்துக்கொண்டே இருக்கலாம். 'கட்டை போட்டு ஓட்டறது' என்று அதற்குப் பெயர். காலைக் கூட்டத்தில் மேலாளர் மேஸ்திரியிடம், "முப்பதாம் தேதி வரைக்கும் செகண்ட் பட்டனை பைபாஸ் பண்ணிடு" என்பார். உடனே என் பக்கம் திரும்பி, "இது எழுத வேணாம்மா" என்பார். நான் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துவிடுவேன். மேஸ்திரி இயந்திரக் கூடத்துக்குப் போய், "கட்டை போடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். பைபாஸ் என்பது கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் கட்டையாகிவிடும்.

தொழிற்சாலை ஆய்வாளரோ வேறு வெளியாட்களோ வந்தால், வாயிற்காவலர் தேநீருக்கு அடிக்கும் மணியை அடிப்பார். தேநீர் வராது. அந்த மணி கேட்டதும் கட்டைகளெல்லாம் கழற்றப்பட்டு, கூடத்தின் மூலையிலிருந்த எண்ணெய் டின்னுக்குள், கழிவுப் பஞ்சுக்கு அடியில் போய்விடும். மேலாளரிலிருந்து கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர் போல் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாதக் கடைசியில், முனுசாமியின் இடக்கை அச்சுக்கு அடியில் இருந்தபோது வலக்கை அழுத்திவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

முனுசாமிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஆவடிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்த ஒரு சம்பளத்தில் இருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அவர் திரும்பி வந்த அன்று, அவருக்கு ஒரு குற்றச்சாட்டு கொடுக்கப்பட்டது: பாதுகாப்புச் சாதனத்தை அவர் வேண்டுமென்றே 'இவேட்' செய்தார். அது உறுதியானால் வேலை போகும். இரண்டு விரல் குறைந்த அழுத்து இயந்திரக்காரரை வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

விசாரணைக்கு பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் தெரியாது. கெட்டவர் அல்லர், தலைவலியோடு வந்திருந்தார், மாலை ரயிலுக்குப் போக வேண்டியவர். அவர் கேட்பதைத் தமிழிலும், முனுசாமி சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லி, ஆங்கிலப் பதிவைத் தட்டச்சு செய்து, கடைசியில் அதைத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. விசாரணை மேலாளரின் அறையில்தான் நடந்தது; அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முனுசாமிக்குத் துணையாக ஏகாம்பரம் என்ற சக தொழிலாளி வந்திருந்தார். கூடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர், வாய் அடங்காது. உள்ளே நுழையும்போதே என்னைப் பார்த்து, "டைப்பம்மா, நம்ம தமிழ பாத்து எறக்கும்மா, கைல கால்ல பட்டுறப் போவுது" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டார். அன்று என்ன நடந்தது?

முனுசாமி கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "கட்டை வெச்சி ஓட்னேன் சார். எப்பவும் அப்டித்தான். மாசக் கடைசில எல்லாருமே கட்டை வெச்சித்தான் ஓட்டுவோம். அன்னிக்கும் அப்டித்தான் ஓட்டிகினு இருந்தேன். கை பூட்ச்சி."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கேட்டுவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, பதிவுக்கான வாசகத்தைச் சொன்னார்: "பாதுகாப்புச் சாதனத்தை நான் இவேட் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

என் விரல்கள் தட்டச்சுப் பொறியின் மேல் இருந்தன. அவை நகரவில்லை. அது துணிச்சல் அன்று. அந்த வாக்கியத்தைத் தட்டினால், கடைசியில் அதை முனுசாமிக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டியவள் நான் என்பது ஞாபகத்துக்கு வந்தது. எப்படிப் படிப்பேன்? 'ஏய்த்தேன்' என்றா? 'தப்பித்துக்கொண்டேன்' என்றா? கேட்டுக்கொண்டிருக்கிற முனுசாமி, அது தான் சொன்னது இல்லை என்று அறிவார். 'தவிர்த்தேன்' என்று மெல்லப் படித்துவிட்டால் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார். தாளில் இருப்பது வேறு, அவர் காதில் விழுவது வேறு. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'தவிர்' போடலாம். அந்த ஒரு சொல்லின் அடியில் ஒரு மனிதரை ஓசையில்லாமல் புதைக்கவும் செய்யலாம்.

"ஐயா, அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றேன் ஆங்கிலத்தில். "மரக்கட்டையை வைத்து இயந்திரத்தை ஓட்டினேன் என்றார். மாதக் கடைசியில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவோம் என்றார்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"ஒன்றானால், அவர் சொன்னதையே எழுதுவதில் தவறில்லையே ஐயா."

அவர் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். எரிச்சல் இருந்தது. எழுதிக்கொள் என்பது போலக் கையை அசைத்தார். முனுசாமி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினேன். தாளில் 'இவேட்' இல்லை, 'பைபாஸ்' இல்லை. ஒரு மரக்கட்டை இருந்தது.

பொருள் ஒன்று தாளில் ஏறிவிட்டால், படிப்பவருக்கு அதைப் பார்க்கத் தோன்றும். சுற்றிப்போகும் சொற்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'இவேஷனைக் கொண்டுவா' என்று யாரும் கேட்பதில்லை. தட்டிய வரியை வாங்கிப் படித்த அதிகாரி, இயல்பாகவே கேட்டார்: "என்ன கட்டை? எங்கே அது?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ வழியில் கிடந்த துண்டாக இருக்கும். தூக்கிப் போட்டிருப்பார்கள்" என்றார், ஆங்கிலத்தில். அதை நான் முனுசாமிக்கும் ஏகாம்பரத்துக்கும் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பு இரண்டு பக்கமும் நடக்க வேண்டியது. பல இடங்களில் அது ஒரு பக்கமாகவே நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூக்கிலாம் போடலம்மா. எண்ண டின்ல கீது. வெளியாளு வந்தா அங்கதானே தூங்கும்! இந்த சாரு வர்றாருன்னு இன்னிக்குக் காத்தாலயே மணி அட்ச்சிட்டாங்க. டீயும் வரல, ஒண்ணும் வரல."

முனுசாமி, "யோவ், சொம்மா இருய்யா" என்று முணுமுணுத்தார். பயந்திருந்தார்.

மேலாளர் என் பக்கம் சாய்ந்து, தமிழில், குரலைத் தணித்துச் சொன்னார்: "இங்க பாரும்மா. அது கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. அதைச் சொல்ல வேணாம்."

அவருடைய குரலை அந்தச் சில ஆண்டுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'இது எழுத வேணாம்மா' என்ற அதே குரல். எழுதாமல் இருந்த நாட்களில் பேசியவர் மேலாளர். தம் பேச்சைத் தாளில் ஏற்றாதே என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. இன்று பேசியவர் ஏகாம்பரம். இந்த வித்தியாசம் எனக்கு அப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் தங்கையின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது; என் சம்பளத்தையும் கணக்கில் வைத்துத்தான் பேசினார்கள். இணைப்புப் பலகை மேசையிலிருந்து அந்தப் பெண்மணி, திறந்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையசைக்கவில்லை. உற்சாகப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"சம்பந்தம் உண்டா இல்லையா என்று விசாரிக்க வந்தவர்தாம் சார் சொல்ல வேண்டும்" என்றேன். பிறகு அதிகாரியிடம் திரும்பி, ஏகாம்பரம் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். எண்ணெய் டின், வெளியாள், மணி, வராத தேநீர். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'தூங்கும்' என்பதைக்கூட விட்டுவிடவில்லை.

அதிகாரி எழுந்து, தாமே கூடத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஏகாம்பரம் டின்னுக்குள் கையை விட்டுப் பஞ்சை ஒதுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். எண்ணெய் ஊறி, விரல்கள் பட்டுப்பட்டு வழவழப்பான கட்டைகள். அதிகாரி ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஓர் எண் சூட்டுக்கம்பியால் சுட்டுப் பதிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் எண். எங்கள் கருவிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே செய்து வெளியே போகும் எந்தப் பொருளும் எண் இல்லாமல் போகாது. சுத்தியலின் கைப்பிடிக்கும் எண், துடைக்கிற வாளிக்கும் எண். யாரும் யோசிக்காமல், பழக்கத்தால், கட்டைகளுக்கும் அந்தந்த இயந்திரத்தின் எண்ணைச் சுட்டுவைத்திருந்தார்கள். ஒளித்துவைக்க வேண்டிய பொருளுக்கும் ஒழுங்காக எண் போட்டவர்கள் நாங்கள்.

முனுசாமியின் இயந்திரத்தின் எண்ணும் அவற்றில் ஒரு கட்டையில் இருந்தது. வழியில் கிடந்த துண்டு அல்ல, கம்பெனியின் கருவிக் கூடமே செய்து கொடுத்தது.

"இதை யார் செய்தார்கள்?" என்று அதிகாரி மேலாளரைக் கேட்டார்.

"இட் வாஸ் ஆன் இன்ஃபார்மல் அரேஞ்ச்மென்ட்" என்றார் மேலாளர்.

"இன்னா சொல்றாருமா?" என்று முனுசாமி கேட்டார்.

"எழுத்தில் இல்லாத ஏற்பாடு என்கிறார்."

"ஏற்பாடுன்னு ஒத்துகினாரு பாரு!" என்றார் ஏகாம்பரம். "மேஸ்திரி, கேட்டுகினியா அண்ணாத்தே? நம்ம கட்டைக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சிட்டாங்க!"

மேஸ்திரி எதையும் கேட்காதவர் போல இயந்திரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கட்டையைக் கைக்குட்டையில் சுற்றித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மாலை ரயிலை விட்டுவிட்டார்.

மாலையில் பதிவை முனுசாமிக்குப் படித்துக் காட்டினேன். "அப்டியே படிம்மா. நா சொன்னது மாரியே கீதா?" என்று கேட்டார். "நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது" என்றேன். நல்ல கையால் பேனாவைப் பிடித்து, மெதுவாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். தாளை அசையாமல் பிடிக்க இடக்கை உதவவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

முனுசாமியை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள். நியாயம் வென்றது என்று இதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேஸ்திரிக்கு ஓர் எச்சரிக்கை. மேலாளருக்கு ஒன்றும் இல்லை. கட்டைகள் சில மாதம் காணாமல் போயின. பிறகு ஒரு மாதக் கடைசியில், பொத்தானைச் சுற்றி சைக்கிள் ட்யூப் கட்டியிருப்பதைப் பார்த்தேன். ட்யூபில் எண் சுட முடியாது. காலைக் கூட்டத்தில் அதற்கு 'டெம்பரரி மெஷர்' என்று பெயர் வந்திருந்தது. ஒரு மனிதரின் வேலை தப்பியது, வழக்கம் தப்பிக்கொண்டது. நம் தொழிலால் ஆகக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான். இது தெரிந்துகொண்டு வாருங்கள். தெரியாமல் வந்தால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள்; தெரிந்து வந்தாலும் களைப்பீர்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

என்னையும் யாரும் தண்டிக்கவில்லை. பின்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அனுப்புகைப் பிரிவுக்கு என்னை 'ஸ்பேர்' செய்திருப்பதாக, அதாவது பெரிய மனதோடு விட்டுக்கொடுத்திருப்பதாக, மேலாளர் சொன்னார். அங்கே மின்விசிறி இல்லை. அன்று விடைபெறப் போனபோது இணைப்புப் பலகைப் பெண்மணி, "பாத்தியா மேன், உனுக்கும் ஒரு நல்ல வார்த்தை குடுத்துட்டாங்க" என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து தம் கை விசிறியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "ஃபேனு பூட்ச்சா?" என்று அண்ணன் கேட்டான். கேலியாகத்தான் தொடங்கினான், பாதியில் குரல் இறங்கிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் இரண்டு கைகளையும் எடுத்து விரித்துப் பார்த்தாள். முன்புறம், பின்புறம், ஒவ்வொரு விரலாக. அதற்குப் பிறகு நான் அங்கே வேலையில் இருந்த வரை, அண்ணனுக்குச் செய்தது போலவே எனக்கும் செய்தாள்.

அனுப்புகைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, முழுநேர மொழிபெயர்ப்பாளராக வேறிடம் போனேன். பிறகு எத்தனையோ அறைகளில், எத்தனையோ பேருக்கு நடுவில் உட்கார்ந்தேன். சுற்றிப்போகும் சொல் ஒன்று எதிரே வரும்போதெல்லாம் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: இந்தச் சொல் எதைச் சுற்றிப் போகிறது? நடுவில் எப்போதும் ஒரு பொருள் இருக்கும். அதன் பக்கத்தில் யாருடைய கையாவது இருக்கும். அந்தப் பொருள் தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் தானாக வரும். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்காக எதிரில் இருப்பவர் எரிச்சலடையட்டும். அவருக்கு மாலை ரயில் இருக்கலாம்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் போட்ட அலுவலகம் நிற்கிறது. மேலாளர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் மறைந்தார். மேஸ்திரியும் போய்விட்டார். இணைப்புப் பலகைப் பெண்மணி மகனோடு ஆஸ்திரேலியா போனார். கிறிஸ்துமஸ் வாழ்த்து சில ஆண்டுகள் வந்து, பிறகு நின்றது. பம்பாய் அதிகாரி என்ன ஆனார் என்று தெரியாது. ஏகாம்பரத்தின் சாவுக்கு நான் போயிருந்தேன். அங்கேயும் அவருடைய கேலிப் பேச்சுகளைச் சொல்லித்தான் அழுதார்கள். அம்மா இல்லை. அண்ணனும் இல்லை. முனுசாமி ஸ்டோரிலேயே ஓய்வுபெற்றார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆவடியில் மூத்தவள் வீட்டில் இருக்கிறார். பொங்கலன்று தொலைபேசியில் அழைப்பார். "இன்னாம்மா, நல்லா கீறியா?" என்று கேட்பார். இருக்கிறேன் என்பேன்.

அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில், எனக்குத் தெரிந்தவரை, அவரும் நானும் இருக்கிறோம்.